வெயில் காயும் ஆல்ப்ஸ்: வலே மாநிலத்தின் வாய்க்கால்களும் வழக்கங்களும்

சுவிட்சர்லாந்தின் 100 ஃபிராங்க் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வாய்க்கால் தெரியும். செங்குத்தான பாறைச் சுவரில் மரத்தை அறைந்து, பலகை பொருத்தி, அதில் தண்ணீரை ஓடவிட்ட பழைய பாசன வாய்க்கால். 2019 செப்டம்பரில் புழக்கத்துக்கு வந்த நோட்டு அது. வங்கிக்கும் கைக்கடிகாரத்துக்கும் சாக்லேட்டுக்கும் பேர்போன நாடு, தன் பணத்தில் அச்சிட ஓர் உழவர் வாய்க்காலைத் தேர்ந்தெடுத்தது கொஞ்சம் வியப்புதான்.

அந்த வாய்க்கால் ஆயாங் என்ற ஊருடையது. வெட்டிய ஆண்டு 1442. ஊர் இருப்பது நாட்டின் தென்மேற்கில், வலே மாநிலத்தில். ரோன் ஆறு பனிப்பாறையில் பிறந்து ஜெனீவா ஏரியில் கலக்கும்வரை ஓடும் நீண்ட பள்ளத்தாக்கும், அதன் இருபுறமும் கிளை பிரியும் குறும்பள்ளத்தாக்குகளும் சேர்ந்ததுதான் இந்த மாநிலம். மேற்குப் பாதியில் பிரெஞ்சு பேசுகிறார்கள். கிழக்குப் பாதியில் ஜெர்மன். ஜெர்மன் பேசுபவர்களுக்கு இது வாலிஸ். பரப்பளவில் நாட்டின் மூன்றாவது பெரிய மாநிலம். ஆனால் சுவிஸ் கூட்டமைப்பில் முறையாகச் சேர்ந்தது 1815இல்தான்.

சுற்றுலாக்காரர்களுக்கு வலே என்றால் வெயில். வருடத்தில் 300 நாள் சூரியன் என்று விளம்பரங்கள் சொல்லும். சியேர் நகரம் தன்னைச் 'சூரிய நகரம்' என்றே அழைத்துக்கொள்கிறது. வெயிலுக்குக் காசு கொடுத்துப் பயணம் போவது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நவம்பர் முதல் மார்ச் வரை மேகமூட்டத்துக்கு அடியில் கிடக்கும் வட ஐரோப்பியருக்கு அது விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதே வெயில் பல நூற்றாண்டுகளாகப் பிழைப்புக்கு வந்த சோதனை. வலேயில் 'பார்க்க வேண்டியவை' என்று பட்டியல் போடும் எதை எடுத்துக் கொஞ்சம் கிளறினாலும், அடியில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஒன்று கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது எல்லாம் வேறு மாதிரி தெரியும்.

மழை ஏன் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை?

பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்று படித்திருப்போம். வலே அதற்குப் பாடநூல் உதாரணம். வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ், தெற்கே பென்னைன் ஆல்ப்ஸ், இரண்டிலுமே 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று வடக்குச் சுவரிலேயே தன் மழையைக் கொட்டிவிடும். மத்தியதரைக் கடலிலிருந்து வருவது தெற்குச் சுவரில் இறக்கிவிடும். நடுவில் இருக்கும் பள்ளத்தாக்குக்கு மிஞ்சுவது காய்ந்த காற்று. விஸ்ப், ஸ்டால்டன் பக்கங்களில் ஆண்டு முழுவதும் பெய்வது 500 முதல் 600 மி.மீ. வரைதான். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 900 மி.மீ.க்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். ஆல்ப்ஸ் என்றதும் நம் மனதில் வரும் பச்சைப் புல்வெளிப் படத்துக்கும் இதற்கும் பொருத்தமே இல்லை. சியோன் நகரத்துக் குன்றுகளில் கள்ளிச்செடி தானாக முளைத்து நிற்கிறது.

இதில் ஒரு விநோதம் உண்டு. மழை இல்லையே தவிர, தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. தலைக்கு மேலே, மலை உச்சிகளில், பனிப்பாறையாக உறைந்து கிடக்கிறது. எந்த மாதத்தில் வெயில் வயலைக் கருக்குகிறதோ அதே மாதத்தில் அதே வெயில் பனியை உருக்கி ஓடையில் தண்ணீரைப் பெருக்குகிறது. வெயில் ஏற ஏற ஓடையும் ஏறும். ஆனால் ஓடை ஓடுவது கிடுகிடு பள்ளத்தில். வயலும் புல்வெளியும் இருப்பது பள்ளத்துக்கு மேலே, சரிவில். அவற்றுக்கு நடுவே நிற்பது பாறை. அந்தப் பாறையைச் சுற்றித் தண்ணீரைக் கொண்டுபோக வெட்டியவைதான் இந்த வாய்க்கால்கள். பிரெஞ்சில் பீஸ் என்றும் ஜெர்மன் பக்கத்தில் சுவோனன் என்றும் பெயர்.

பாறையில் தொங்கும் வாய்க்கால்

மண் பாங்கான இடத்தில் வாய்க்கால் வெட்டுவது எவருக்கும் கைவந்த வேலை. ஓடையின் தலைப்பில் மடை வைத்து, சரிவு தெரியாத அளவுக்கு மெல்ல இறக்கிக்கொண்டு, மலையின் விலாவைச் சுற்றி நடத்திப் போகலாம். செங்குத்துப் பாறை குறுக்கிட்டால்தான் சிக்கல். அங்கே ஆட்களைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அவர்கள் தொங்கிக்கொண்டே பாறையில் துளை குடைந்து, லார்ச் மரக் கட்டையை அதில் அறைந்து ஏற்றுவார்கள். வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டைகளின்மேல், கொக்கிபோல் வளைந்த மரத்தால் பிடித்துப் பலகைத் தொட்டி அமரும். இடுக்குகளில் பாசியையும் மண்ணையும் திணித்து அடைப்பார்கள். பக்கத்தில் ஒற்றைப் பலகை ஒன்று போட்டிருக்கும். அதன்மேல்தான் வாய்க்கால் காவலர் நடப்பார். கீழே பார்த்தால் பாதாளம்.

சவியேஸ் ஊரார் 1430 முதல் 1448 வரை வெட்டிய வாய்க்கால் இப்படிப்பட்டது. பனிச்சரிவும் கல்விழுதலும் ஆண்டுதோறும் பலகைகளை அடித்துக்கொண்டு போகும். ஆண்டுதோறும் இளவேனிலில் ஊர் கூடிப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். செத்தவர்கள் உண்டு. 1930களில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்துத் தண்ணீரை அதன் வழியே திருப்பிய பிறகுதான் அந்தப் பலகைப் பாதைக்கு ஓய்வு கிடைத்தது. பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்ததை இப்போது நடைப்பயணிகளுக்காகச் சீரமைத்து, இடைவெளிகளில் தொங்குபாலம் போட்டிருக்கிறார்கள். ஆயாங் வாய்க்காலின் தொங்கு பகுதிக்கு இன்னும் முன்பே, 1831இல், சுரங்கம் வந்துவிட்டது. 100 ஃபிராங்க் நோட்டில் வருவது இன்று வேலை செய்யாத அந்தப் பகுதிதான்.

என் மனதுக்குப் பிடித்த பொருள் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தண்ணீர்ச் சுத்தியல். வாய்க்காலின் நடுவில் சின்ன நீர்ச்சக்கரம் ஒன்று சுழலும். அது சுழலும்போது மரச் சுத்தியல் ஒன்றைத் தூக்கித் தூக்கிப் பலகையில் போடும். டொக், டொக், டொக் என்று இரவு பகலாகச் சத்தம். காவலர் குடிசைக்குள் படுத்திருப்பார். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை, தூங்கலாம். சத்தம் நின்றால் மேலே எங்கோ வாய்க்கால் உடைந்துவிட்டது என்று பொருள். உடனே எழுந்து ஓட வேண்டும், ஏனென்றால் உடைப்பில் கொட்டும் தண்ணீர் கீழே இருக்கும் வயலையும் வீட்டையும் மண்ணோடு இழுத்துப்போகும். சத்தம் போட்டு எழுப்பும் மணிகள் உலகில் ஏராளம். இது சத்தம் நின்றால் எழுப்பும் மணி. இன்றைக்கு உணர்கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும் சில வாய்க்கால்களில் பார்வையாளர்களுக்காகச் சுத்தியலைத் தட்டவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். வாய்க்கால் ஓரமாகக் காவலர் தினமும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை, வாய்க்காலைப் போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாகப் போகும். ஆல்ப்ஸ் மலையில் மூச்சு வாங்காமல் பத்து கிலோமீட்டர் நடக்கக் கிடைக்கும் பாதை வேறு எது? வலேயின் நடைப்பயணச் சுற்றுலாவுக்கு இந்தக் காவலர் பாதைகள்தான் முதுகெலும்பு. தண்ணீர் விடுவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. அதற்கு முன்பின் போனால் வெறும் குழியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். சூடான ஜூலை மதியத்தில் போனால் தண்ணீர் சாம்பல் கலந்த பால்போல் இருக்கும். பனிப்பாறை அடியில் கல்லை அரைத்த மாவு அது. அந்த வண்டல் நிலத்துக்கு நல்லது என்று உழவர்களுக்குத் தெரியும்.

முறை, குச்சி, குறி

வாய்க்கால் வெட்டுவது பாதி வேலை. பங்கு பிரிப்பது மறுபாதி, சண்டை வருவதும் அங்கேதான். வலே ஊர்களில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பங்காளிகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு உண்டு. பங்குக்கு ஏற்ப இத்தனை மணி நேரத் தண்ணீர் என்று முறை வைப்பார்கள். கடிகாரம் இல்லாத காலத்தில் நேரத்தைச் சூரியனே சொன்னது: காலை வெயில் இன்ன பாறையைத் தொட்டதும் இன்னாருடைய முறை தொடங்கும், நிழல் இன்ன முகட்டுக்கு வந்ததும் முடியும்.

யாருக்கு எவ்வளவு என்பதை எழுதிவைத்தது மரக்குச்சியில். ஜெர்மன் பக்கத்தில் டெஸ்லன் என்பார்கள். விரல் நீளமோ சாண் நீளமோ உள்ள குச்சி. ஒரு பக்கத்தில் குடும்பத்தின் குறி, மறுபக்கத்தில் வெட்டுகள். வெட்டின் வடிவத்தைப் பார்த்தே முழு மணியா, அரை மணியா, கால் மணியா என்று சொல்லிவிடலாம். படிக்கத் தெரியாதவரும் படிக்கலாம். திருத்தி ஏமாற்றுவது கடினம். ஒரு வாய்க்காலின் குச்சிகள் எல்லாவற்றையும் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் அதுதான் பதிவேடு. ஆயாங் ஊரில் உள்ள வாய்க்கால் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தொங்கு வாய்க்காலின் மாதிரிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குச்சிகளுக்கு முன்னால்தான் கூடுதலாக நிற்க வேண்டும் என்பேன்.

வருடா வருடம் வாய்க்காலைத் தூர்வாரிப் பலகை மாற்றுவது பங்காளிகள் அனைவரின் கடமை. ஆளுக்கு இத்தனை நாள் உடலுழைப்பு, வராதவருக்கு அபராதம். குடிமராமத்து என்ற சொல் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

விஸ்ப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் டோர்பெல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மேய்ச்சல் நிலம், காடு, வாய்க்கால், பாதை எல்லாவற்றையும் ஊர்ப்பொதுவாக நிர்வகிக்க அந்த ஊரார் 1483இல் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். 1517இல் இன்னொரு விதி வந்தது: குளிர்காலத்தில் தன் சொந்த வைக்கோலைப் போட்டு எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை மாட்டைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். ஒற்றை வரிதான். ஆனால் வெளியிலிருந்து மாட்டை வாங்கிவந்து பொதுப்புல்லை மொட்டையடிக்கும் வேலை அதோடு முடிந்தது. பொதுச்சொத்து என்றாலே ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஒன்று அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பொருளியலாளர்கள் உறுதியாக நம்பிய காலத்தில், அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் நெட்டிங் இந்த ஊரின் பழைய ஏடுகளைத் தோண்டினார். அவர் கண்டதை, பொதுச்சொத்தை ஊராரே கட்டிக்காக்க முடியும் என்ற தன் வாதத்துக்கு முக்கியச் சான்றாக அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வைத்தார். பொருளியலுக்கான நோபல் பரிசு 2009இல் ஆஸ்ட்ரமுக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். டோர்பெலில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கருத்த மர வீடுகளும் சரிவான புல்வெளியும்தான். எனக்கு அது போதும்.

2023 டிசம்பரில் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் ஏழு நாடுகள் சேர்ந்து கொடுத்த மனுவை ஏற்று, மரபான பாசன முறையை மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சுவிட்சர்லாந்து அந்த ஏழில் ஒன்று. பட்டியலில் ஏறியது பாறையில் தொங்கும் பலகை அல்ல. தண்ணீரைப் பங்கிடும் அறிவும் வழக்கமும். சரியான முடிவு.

வெயில் விளைவித்தவை

தண்ணீர் வந்தபிறகு வெயில் வரமாகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலேயில் இருக்கிறது. ரோன் ஆற்றின் வலது கரை முழுக்கத் தெற்கு நோக்கிய சரிவு. அதில் படிப்படியாகக் கல் அடுக்கி, சாந்து பூசாமல் கட்டிய வரப்புச் சுவர்கள். பகலில் வெயில் வாங்கி இரவில் கொடிக்குச் சூடு கொடுப்பது அந்தக் கல்தான். விஸ்பர்டெர்மினன் ஊரில் கொடிகள் 1,150 மீட்டர் உயரம்வரை ஏறுகின்றன. ஐரோப்பாவில் அவ்வளவு உயரத்தில் திராட்சை விளையும் இடங்கள் மிகக் குறைவு. அங்கே ஹைடா என்ற வெள்ளைத் திராட்சை பிரசித்தம். நாட்டில் விளையும் ஏப்ரிகாட் பழத்தில் பெரும்பங்கும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் காய்க்கிறது. முண்ட் என்ற மலையூரில் கோதுமைக்கு இனமான ரை தானியம் விளையும் நிலத்திலேயே குங்குமப்பூவும் பூக்கிறது. அழிந்துபோகும் நிலைக்கு வந்ததை 1979இல் ஊரார் சங்கம் வைத்து மீட்டார்கள். ஒரு கிராமுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பூ பறிக்க வேண்டும். விலையைக் கேட்காமல் இருப்பது நல்லது.

ரை தானியம் என்றதும் அதன் ரொட்டியைச் சொல்லாமல் போக முடியாது. கோதுமைக்குப் போதிய ஈரமும் சூடும் இல்லாத உயரத்திலும் ரை விளையும். ஊருக்குப் பொதுவான ஒரு அடுப்பு. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் பற்றவைப்பார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து, மாதக்கணக்கில் தின்ன வேண்டிய ரொட்டியை ஒரே மூச்சில் சுட்டு எடுத்து மச்சில் அடுக்குவார்கள். நாளாக ஆகக் கல்லாகிவிடும் ரொட்டியை வெட்ட, பலகையில் ஒருமுனை பொருத்திய தனி அரிவாள் வைத்திருந்தார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் வட்டமான, மேலே வெடித்த ரை ரொட்டி அதன் பேரன். புதிதாகச் சுட்டது. பல்லுக்கு ஆபத்தில்லை.

அந்தத் தானியத்தைச் சேமித்த குதிர் வீடுகள்தான் ஸெர்மாட், கிரிமான்ஸ், எர்னன் போன்ற ஊர்களில் எல்லோரும் படம் எடுப்பவை. குறுங்கால்கள்மேல் நிற்கும் மரக்கட்டடம். ஒவ்வொரு காலின் தலையிலும் ஆட்டுக்கல் அகலத்துக்கு ஒரு வட்டக்கல். அதன்மேல்தான் கட்டடம் உட்காரும். எலி காலில் ஏறிவரும். தட்டைக்கல்லின் அடிப்பக்கம் வந்ததும் தலைகீழாகத் தொங்கி விளிம்பைக் கடக்க முடியாமல் திரும்பிவிடும். அவ்வளவுதான் பொறியியல். மரம் கருப்பாக இருப்பதைப் பார்த்து எரிந்துவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. லார்ச் மரத்தின் தெற்கு முகம் நூற்றாண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்தால் அந்த நிறம் வரும். சுவரின் வடக்குப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

அனிவியே பள்ளத்தாக்கு மக்களின் கதை இன்னும் சுவை. அவர்களுக்கு ஒரு ஊர் என்று கிடையாது. திராட்சைத் தோட்டம் கீழே சியேர் பக்கத்தில், வயல் நடுமலையில், மேய்ச்சல் உச்சியில். ஆகவே பருவத்துக்குப் பருவம் குடும்பம், மாடு, கோழி, பாத்திரம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மேலும் கீழும் இடம் மாறுவார்கள். பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும்கூடக் கூடவே இறங்கி ஏறினார்கள். இளவேனிலில் ஊர்ப்பொதுத் தோட்டத்தைக் கொத்தும்போது குழலும் முரசும் வாசிக்க ஆள் இருக்கும். இன்றும் அந்த வழக்கம் விடவில்லை. கீழே பிழிந்த மதுவை மேலே கொண்டுவந்து லார்ச் பீப்பாயில் வைப்பார்கள். பீப்பாயை முழுதாகக் காலி செய்வதே இல்லை. எடுத்த அளவுக்குப் புது மதுவை ஊற்றிவிடுவார்கள். 'பனிப்பாறை மது' என்று பெயர். கிரிமான்ஸ் ஊர்ப்பொது வீட்டின் நிலவறையில் 1886ஆம் ஆண்டுப் பீப்பாய் ஒன்று இருக்கிறது. நிரப்பி நிரப்பியே அந்த மதுவுக்கு நூற்றுமுப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கடையில் கிடைக்காது. விருந்தாளியாக அழைத்தால் ஒரு சின்னக் கோப்பை.

எரான்ஸ் இனப் பசுக்களின் சண்டையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். குள்ளமான, கட்டுடல் கொண்ட கரும்பசுக்கள். மேய்ச்சலுக்கு ஏறும்போது மந்தைக்குத் தலைவி யார் என்று தமக்குள் முட்டி முடிவு செய்வது அவற்றின் இயல்பு. அதையே களம் அமைத்துப் பார்க்கிறார்கள். மனிதர் யாரும் கொம்பைப் பிடிப்பதில்லை, பின்வாங்கிய பசு தோற்றது, அவ்வளவே. வென்றவள் 'அரசி'. மே மாதம் அப்ரோவில் நடக்கும் இறுதிப்போட்டிக்குக் கூட்டம் அலைமோதும்.

சியோன் நகரத்தில் இரட்டைக் குன்று. ஒன்றில் 1788 தீயில் கருகிய தூர்பியோன் கோட்டை, மற்றதில் வலேர் தேவாலயம். தேவாலயச் சுவரில் குருவிக்கூடு போல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்கன் இசைக்கருவி சுமார் 1435இல் செய்தது. இன்றும் வாசிக்கக்கூடிய மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று. மேற்கே சென் மொரீஸ் மடம் 515இல் தொடங்கி இடைவிடாமல் இயங்குகிறது. 2,469 மீட்டர் உயரக் கணவாயில் உள்ள கிராண்ட் சென் பெர்னார் விடுதி, பதினோராம் நூற்றாண்டிலிருந்து வழிப்போக்கருக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. செயின்ட் பெர்னார்ட் நாய்களின் பெயர் அங்கிருந்துதான். கழுத்தில் பிராந்திப் பீப்பாய் என்பது ஓவியர்கள் மாட்டிவிட்டது.

விருந்தாளி வந்தபோது

1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் தலைமையில் எழுவர் 4,478 மீட்டர் மாட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலில் தொட்டார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். அறுந்த கயிற்றின் துண்டு ஸெர்மாட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது போல் தோன்றும். அந்தச் சாவுதான் ஸெர்மாட்டை உலகுக்கு அறிமுகம் செய்தது என்றால் தப்பில்லை.

பணம் கொட்டத் தொடங்கியதும் ஊர் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அலெக்சாண்டர் ஸைலர் என்ற வெளியூர்க்காரர் அங்கே விடுதிகள் கட்டிப் பெரும்புள்ளி ஆனார். ஊர்க்குடி உரிமை கேட்டார். ஊர்க்குடி என்றால் காட்டிலும் மேய்ச்சலிலும் தண்ணீரிலும் பங்கு. பழங்குடும்பங்கள் தர மறுத்தன. வழக்கு நாட்டின் உயர் மன்றங்கள்வரை போய், ஏறக்குறைய இருபது வருடம் இழுத்து, 1889இல்தான் உரிமை கிடைத்தது. இரண்டு ஆண்டில் அவர் காலமானார். இடையில் ஊர்க்குடிகள் தாங்களே உடலுழைப்பைப் போட்டு, தங்களுக்கென்று ஒரு பெரிய விடுதியைக் கட்டி 1879இல் திறந்தார்கள். ஸெர்மாட்டர்ஹோஃப் என்ற அந்த விடுதி இன்றும் ஊர்க்குடி மன்றத்தின் சொத்து. வாய்க்காலுக்கு ஆள் அனுப்பிய அதே வழக்கத்தில் ஐந்து நட்சத்திர விடுதி! ஊருக்குள் பெட்ரோல் கார் வராமல் தடுத்து வைத்திருப்பதும் ஊரார் முடிவே. இதைக் குறுகிய மனம் என்பவர்களும் உண்டு. ஸைலர் குடும்பத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது நியாயமான பேச்சுதான்.

எல்லா ஊரும் இப்படிக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. வருடத்தில் மூன்று வாரம் மட்டும் விளக்கெரியும் விடுமுறை வீடுகள் சரிவுகளை நிறைத்தன. ஓர் ஊரின் மொத்த வீடுகளில் இத்தகைய இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற திட்டம் 2012 மார்ச்சில் நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு வந்து, 50.6 சதவீத ஆதரவில் மயிரிழையில் வென்றது. வலேயில் ஏறத்தாழ நான்கில் மூவர் எதிர்த்து வாக்களித்தார்கள். அழகைப் பாதுகாக்க நகரத்தார் விரும்பினார்கள். அந்த அழகுக்கு நடுவே வாழ்கிறவர்கள் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை போகுமே என்று பயந்தார்கள். இரு தரப்பிலும் உண்மை இருந்தது.

பனி போனால்?

உச்சியிலுள்ள பனித் தண்ணீருக்கு இருபதாம் நூற்றாண்டில் புதிய பங்காளி வந்தார்: மின்சாரம். 1961இல் முடிந்த கிராண்ட் டிக்ஸான்ஸ் அணை 285 மீட்டர் உயரம். தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கும் வகை அணைகளில் உலகிலேயே உயரமானது. 35 பனிப்பாறைகளின் உருகுநீரை நூறு கிலோமீட்டர் சுரங்கங்கள் வழியே ஓர் ஏரிக்குள் இழுக்கிறது. கொள்ளளவு 40 கோடி கன மீட்டர். வலே சட்டப்படி ரோன் ஆற்றின் நீர்விசை மாநிலத்துக்கு, கிளையாறுகளுடையது ஊராட்சிகளுக்குச் சொந்தம். மின் நிறுவனங்கள் வைத்திருப்பது குத்தகை மட்டுமே. டிக்ஸான்ஸின் குத்தகை 2044இல் முடிகிறது. யார் எடுத்து நடத்துவது, லாபத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று இப்போதே பேச்சு நடக்கிறது.

ஆனால் குச்சியில் வெட்டிய பங்கெல்லாம் மேலே பனி இருக்கும் என்ற நம்பிக்கையில் வெட்டியது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டில் சுவிஸ் பனிப்பாறைகள் தம் கன அளவில் 10 சதவீதத்தை இழந்தன. ரோன் ஆறு பிறக்கும் பனிப்பாறையின் ஒரு மூலையைக் கோடையில் வெள்ளைக் கம்பளியால் போர்த்துகிறார்கள். பிணத்துக்குக் கோடி போட்டது போல இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது; சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

லோட்சென்டால் பள்ளத்தாக்கின் கடைசி ஊர் பிளாட்டன். பிப்ரவரி 2ஆம் தேதி முதல் நோன்புக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்வரை, மரத்தில் செதுக்கிய கோர முகமூடியும் ஆட்டுத்தோலும் இடுப்பில் மாட்டுமணியுமாக இளைஞர்கள் இருட்டில் தெருவில் இறங்கி ஆட்களை விரட்டும் 'செகெட்டெ' வழக்கத்துக்குப் பேர்போன பள்ளத்தாக்கு அது. 2025 மே மாதம் ஊருக்கு மேலிருந்த மலை நகரத் தொடங்கியது. பாறை சரிந்து பிர்ச் பனிப்பாறையின்மேல் குவிந்தது. 19ஆம் தேதி சுமார் 300 பேரையும் அவர்களது மாடுகளையும் வெளியேற்றினார்கள். 28ஆம் தேதி பிற்பகல் பனியும் பாறையும் மொத்தமாக இறங்கி ஊரின் 90 சதவீதத்தை மூடின. லோன்ஸா ஆறு அடைபட்டு, மிஞ்சிய வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்தது. பள்ளத்தாக்கில் ஒருவர் இறந்தார். மற்றவர்கள் பிழைத்தது அளவீட்டாளர்கள் இரவு பகலாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால். கருத்த மர வீடுகள், எலி ஏறாக் குதிர்கள் எல்லாம் அடியில்.

அங்கிருந்து மலைக்கு அந்தப்பக்கம் அலெட்ச் பனிப்பாறை. ஆல்ப்ஸிலேயே பெரியது, நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 2001 முதல் யுனெஸ்கோவின் உலக மரபிடம். கீழே ஃபீஷ், ஃபீஷர்டால் என்று இரண்டு ஊர்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடுங்குளிரில் பனிப்பாறை வளர்ந்து வளர்ந்து கீழிறங்கியது. பனியால் அடைபட்ட ஏரி உடைந்து வெள்ளம் வந்தது. 1678இல் ஊரார் நேர்ந்துகொண்டார்கள்: ஒழுக்கமாக வாழ்வோம், பனிப்பாறை வளராமல் இருக்கட்டும். 1862இல் அதற்கென்று ஊர்வலமும் சேர்ந்தது. ஜூலை 31 அன்று விடியற்காலையில் சிலுவை ஏந்திக் காட்டு வழியே நடந்துபோய் வேண்டுவார்கள்.

வேண்டுதல் பலித்துவிட்டது, அளவுக்கு மீறி. நேர்ச்சையின் வாசகத்தை ஊரார் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ரோமாபுரியின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பித்தார்கள். 2010இல் போப்பாண்டவரின் சம்மதம் வந்தது. இப்போது அதே நாளில், அதே பாதையில் நடந்துபோய், பனிப்பாறை குறையாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.